காகிதத்தில் இல்லாத வாக்கியம்

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையின் தட்டச்சுப் பிரதி இன்றும் இருக்கிறது. உரை முடிந்ததும், மேடையருகே காவல் தொண்டராக நின்றிருந்த ஜார்ஜ் ராவலிங் என்ற இளைஞர் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கூடைப்பந்து ஆட்டக்காரர். பின்னாளில் பேர் பெற்ற பயிற்சியாளர். பெரும் தொகைக்குக் கேட்டவர்களிடம் விற்க மறுத்துப் பல்லாண்டுக் காலம் வைத்திருந்தார். 2021-இல் தாம் படித்த வில்லனோவா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். அந்தத் தாள்களில் 'கனவு' பற்றிய பகுதி இல்லை. உலகம் நினைவில் வைத்திருக்கும் பகுதி எதுவோ அது காகிதத்தில் எழுதப்படவேயில்லை. முடிவை நெருங்கும்போது கிங் தாளிலிருந்து விலகினார். பின்னால் அமர்ந்திருந்த பாடகி மஹாலியா ஜாக்ஸன், கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தப் பகுதி அன்றைக்குப் புதிதல்ல என்பதுதான். அதே ஆண்டு ஜூனில் டெட்ராயிட்டிலும், 1962 நவம்பரில் வடகரோலினாவின் ராக்கி மவுன்ட் என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கிலும் கிங் அதைப் பேசியிருந்தார். ராக்கி மவுன்ட் பேச்சின் ஒலிநாடா அவ்வூர்ப் பொது நூலகத்தில் கிடந்து, 2015-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

ஒரு மனிதனுடைய காகிதங்களைச் சேர்த்துப் பாதுகாப்பதன் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவன் நினைத்ததும் சொன்னதும் அங்கே அகப்படும் என்கிற நம்பிக்கை. கிங் விஷயத்தில் அந்த நம்பிக்கை முதலடியிலேயே இடறுகிறது. அப்படியானால் காப்பகங்களில் இருப்பது என்ன? அது யாருடையது? யார், எதற்காகச் சேர்த்தது?

கிங்கின் காகிதங்கள் ஓரிடத்தில் இல்லை. அவரே கொடுத்தவை பாஸ்டனில் இருக்கின்றன. வீட்டிலும் அலுவலகத்திலும் தங்கியவை அட்லாண்டாவில் இருக்கின்றன. அவரை அழிப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை அமெரிக்க அரசின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூன்று குவியல்கள், மூன்று நோக்கங்கள். ஒரு காகிதம் சொல்வதை அதைச் சேர்த்த கையிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது என்பதற்கு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

முதலில் பாஸ்டன். கிங் தமது முனைவர் பட்டத்தை 1955-இல் பெற்றது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில். 1964 ஜூலை 16 தேதியிட்ட ஒரு கடிதத்தில், தம் காகிதங்களின் காப்பிடமாக அப்பல்கலைக்கழகத்தை நியமித்தார். தம் வாழ்நாள்வரை உரிமை தம்மிடமே இருக்கும் என்றும், தாம் இறந்தால் அங்கே ஒப்படைக்கப்பட்டவை அன்றுமுதல் பல்கலைக்கழகத்தின் முழு உடைமையாகும் என்றும் அதில் எழுதினார். ஏறத்தாழ 83,000 ஆவணங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது 35.

முப்பத்தைந்து வயதில் ஒருவர் தம் காகிதங்களுக்கு இடம் தேடுவது சாதாரண விஷயமல்ல. ஆனால் 1956 ஜனவரி 30 அன்று மான்ட்கமரியில் அவர் வீட்டின் முன்கூடத்தில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். 1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹார்லமில் தமது புத்தகத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது மார்பில் குத்தப்பட்டார். தென்மாநிலங்களில் எந்தக் கட்டடத்தில் வைத்தாலும் அந்தக் காகிதங்களுக்குத் தீயோ குண்டோ வரலாம். பாஸ்டன் வடக்கே இருந்தது, பாதுகாப்பாக இருந்தது. கிங்கின் கடிதத்தை ஒரு பழைய மாணவரின் நன்றிக்கடன் என்று படிப்பது சுலபம். 'இறந்தால்' என்ற சொல்லுக்கு அந்த வருஷத்தில் அவர் வாழ்வில் என்ன பொருள் இருந்தது என்று யோசித்தால், அது உயில் எழுதாத ஒரு மனிதர் எழுதிய உயில் என்று தெரியும். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் வேறு உயில் எதுவும் விட்டுச்செல்லவில்லை.

பாஸ்டனின் உரிமை பின்னர் வழக்காயிற்று. 1987-இல் கொரெட்டா ஸ்காட் கிங் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். காகிதங்கள் தெற்கே வரவேண்டும் என்பதே தம் கணவரின் பிற்கால விருப்பம் என்றும், அந்தக் கடிதம் நிரந்தர தானமாகாது என்றும் வாதாடினார். அவர் 1968-இலேயே அட்லாண்டாவில் கிங் மையத்தைத் தொடங்கி, இயக்கத்தின் காகிதங்களை அங்கே சேர்த்துவந்தார். 1993-இல் நடுவர் குழு பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1995-இல் மாஸசூஸட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

சட்டப்படி யார் சரி என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரித்திரப்படி இரண்டு பக்கமும் ஒரே பயத்தின் இரண்டு காலகட்டங்கள். 1964-இல் தெற்கு எரிந்துகொண்டிருந்ததால் காகிதங்கள் வடக்கே போயின. 1980-களில் அட்லாண்டாவின் மேயர் பதவியில் கறுப்பர் இருந்தார். கிங் பிறந்த தெரு தேசிய நினைவிடமாகிவிட்டது. தெற்கு மாறியதற்கு அந்தக் காகிதங்களில் பதிவான போராட்டமே காரணம். போராட்டம் வென்ற இடத்துக்கு அதன் காகிதங்கள் திரும்பமுடியவில்லை. இந்த முரணை எந்தத் தீர்ப்பும் தீர்க்க முடியாது.

இரண்டாவது குவியல் வீட்டில் இருந்தது. மோர்ஹவுஸ் கல்லூரி நாட்களின் தேர்வுத்தாள்கள், பிரசங்கக் குறிப்புகள், ஓரங்களில் எழுதிவைத்த புத்தகங்கள், தந்திகள், உரைகளின் வரைவுகள். கிங் பதினைந்து வயதில் அக்கல்லூரியில் சேர்ந்து 1948-இல் பட்டம் பெற்றவர். சுமார் 10,000 உருப்படிகள் கொண்ட இந்தச் சேகரிப்பை விற்கும் முயற்சி பல காலம் நடந்தது. 1999-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2 கோடி டாலருக்கு வாங்குவதாகப் பேச்சு நடந்து, நிறைவேறாமல் போயிற்று. கொரெட்டா 2006 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலக்கூடத்தில் சேகரிப்பு ஏலம் விடப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னால், அட்லாண்டா மேயர் ஷர்லி ஃப்ராங்க்ளின் நகரத்தின் வணிகர்களையும் பிரமுகர்களையும் திரட்டி, 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மொத்தமாக வாங்க ஏற்பாடு செய்தார். உரிமை மோர்ஹவுஸ் கல்லூரிக்குப் போயிற்று. காகிதங்கள் அட்லாண்டா பல்கலைக்கழக மையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டன.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. விற்கப்பட்டது காகிதம் மட்டுமே. அதில் எழுதியிருக்கும் வாக்கியங்களின் பதிப்புரிமை குடும்பத்திடமே நின்றது. தாள் ஓரிடத்தில், சொல் வேறிடத்தில். ஏட்டைப் பாதுகாத்தவர்களும் அதைப் படித்துப் பாடம் சொன்னவர்களும் வெவ்வேறு மனிதர்களாக இருந்த மரபில் வந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. ஆனால் பாடம் சொல்வதற்குக் கட்டணச் சீட்டு வேண்டும் என்ற நிலை நாம் அறியாதது.

குடும்பத்தைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது மலிவான காரியம். 1964-இல் நோபல் பரிசாக வந்த 54,123 டாலரை அப்படியே இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டவர் கிங். நான்கு குழந்தைகளோடு நின்ற மனைவிக்கு அவர் வைத்துப்போன சொத்து அநேகமாக இந்தக் காகிதங்கள்தான். தம் சொல்லின் மீது உரிமை கொண்டாடியதிலும் முதல்வர் கிங்கே. வாஷிங்டன் உரையை அனுமதியின்றி இசைத்தட்டாக விற்றவர்கள் மீது அவர் 1963-இலேயே வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். வந்த பணம் இயக்கத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். பின்னால் அது வாரிசுகளின் சொத்தாயிற்று. 1990-களில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அந்த உரையைத் தன் ஆவணப்படத்தில் சேர்த்தபோது குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது விசித்திரமானது: 2 லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த மைதானத்தில், நேரடி ஒலிபரப்பில், உலகமே கேட்கப் பேசியது சட்டத்தின் கண்ணில் 'வெளியிட்டது' ஆகாது. எனவே பதிப்புரிமை போய்விடவில்லை.

இந்தத் தீர்ப்பை நாம் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு இலக்கியக் கேள்வி இருக்கிறது. கேட்ட கூட்டத்தின் ஆரவாரத்தில், பின்னாலிருந்து ஒரு பாடகி எடுத்துக்கொடுத்த குறிப்பில், சர்ச் பிரசங்கங்களில் தலைமுறைகளாகப் புழங்கிவந்த தொனியில், விவிலியத் தீர்க்கதரிசிகளின் சொல்லடுக்கில் பிறந்த ஒன்று எப்படித் தனி ஒருவரின் உடைமையாகும்? அந்தக் கேள்விக்கான பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. குடும்பமே ஏற்படுத்திய பதிப்புத் திட்டத்திலிருந்து.

1980-களின் நடுவில் கொரெட்டா, கிங்கின் காகிதங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பொறுப்பை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் க்ளேபோர்ன் கார்ஸனிடம் ஒப்படைத்தார். 1963 பேரணிக்குப் பத்தொன்பது வயதில் போய் நின்றவர் கார்ஸன். திட்டம் 14 தொகுதிகள். முதல் தொகுதி 1992-இலும் ஏழாவது 2014-இலும் வந்தன. (1959 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கிங் இந்தியாவில் சுற்றி, சென்னை, காந்திகிராமம் வழியாகக் கன்னியாகுமரிவரை வந்துபோன பயணத்தின் காகிதங்கள் ஐந்தாம் தொகுதியில் அடங்குகின்றன.) பதிப்பாசிரியரின் வேலை அடிக்குறிப்பு எழுதுவது. ஒரு மாணவன் மேற்கோள் காட்டினால், மூலநூலை எடுத்துப் பக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். அப்படிச் சரிபார்த்துக்கொண்டிருந்த உதவியாளர்கள், மேற்கோள் குறி இல்லாத இடங்களிலும் மூலநூலின் வாக்கியங்கள் அப்படியே தொடர்வதைக் கண்டார்கள். கல்லூரிக் கட்டுரைகளில் கண்டார்கள். பிறகு முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் கண்டார்கள். பால் டிலிக், ஹென்ரி நெல்ஸன் வைமன் ஆகிய இரு இறையியலாளர்களின் கடவுள் கொள்கைகளை ஒப்பிடும் ஆய்வு அது. டிலிக் பற்றிய பகுதிகளில் பல, 1952-இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜாக் பூஸர் என்பவர் சமர்ப்பித்த ஆய்வேட்டிலிருந்து வந்திருந்தன.

1990 நவம்பரில் செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று. பாஸ்டன் பல்கலைக்கழகம் குழு அமைத்து விசாரித்தது. 1991-இல் குழு, நகலெடுத்தது உண்மை என்றது. பட்டத்தைத் திரும்பப் பெறுவதில் பயனில்லை என்றது. நூலகத்திலுள்ள ஆய்வேட்டுப் பிரதியோடு இதைத் தெரிவிக்கும் ஒரு கடிதத்தை இணைக்கச் சொன்னது. 1994-இல் வந்த இரண்டாம் தொகுதியில் கார்ஸனும் அவருடைய குழுவினரும் ஆய்வேட்டை முழுவதும் அச்சிட்டு, எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்பதை அடிக்குறிப்புகளில் காட்டினார்கள்.

இந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். மறைத்திருக்கலாம். மறைப்பதற்கான காரணங்களும் கண்ணியமானவையாகவே தோன்றியிருக்கும். அவரைக் கொன்றது போதாதென்று அவர் பெயரையும் கொல்லக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்குவதற்கே பல ஆண்டு எதிர்ப்பைத் தாண்டவேண்டியிருந்தது. 1986-இல்தான் அது முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அப்படியும், தலைவரின் மனைவி கேட்டுக்கொண்டதால் தொடங்கிய ஒரு பதிப்பு, தலைவரின் குறையைப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. நினைவுச் சின்னம் எழுப்பும் ஆசையில் தொடங்கிய காரியம், காகிதத்தை உண்மையாகப் படித்ததனாலேயே ஆராய்ச்சியாக மாறிற்று. தலைவர்களின் நூற்றாண்டு மலர்களை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் அருமை புரிய நேரமாகும்.

இனி, அந்தக் குறையை எப்படி எடுத்துக்கொள்வது? கீத் மில்லர் என்ற அறிஞர் 1992-இல் ஒரு விளக்கம் சொன்னார். கறுப்பர் சர்ச் மரபில் பிரசங்கிகள் ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்தாள்வது வழக்கம். சொல் அங்கே பொதுச்சொத்து. தன் குரலை முன்னோர் குரலோடு கலப்பதில்தான் பிரசங்கியின் அதிகாரமே இருக்கிறது. நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. காலட்சேபம் செய்கிற ஒருவர் இன்னொரு பாகவதரின் உபகதையை எடுத்துச் சொன்னால் யாரும் திருட்டு என்று எழுந்து போவதில்லை. எந்த இடத்தில், எந்தச் சூட்டில் சொன்னார் என்பதே ரசனை. 1997-இல் கிங் வீட்டின் அடித்தள அறையிலிருந்த பிரசங்கக் கோப்புகளைப் பார்க்கக் கொரெட்டா கார்ஸனின் குழுவுக்கு அனுமதி தந்தார். அவை 2007-இல் ஆறாம் தொகுதியாயின. கேட்டதும் படித்ததும் எப்படிக் குறிப்பாகி, வரைவாகி, அவர் வாயில் வேறொன்றாக மாறின என்பதை அந்தத் தொகுதியில் பார்க்கலாம்.

மில்லரின் விளக்கம் பிரசங்கத்துக்குப் பொருந்தும். ஆய்வேட்டுக்கு நான் அதை ஒப்பமாட்டேன். பல்கலைக்கழகத்தின் விதி வேறு. அந்த விதிக்கு உட்பட்டுத்தான் கிங் அங்கே பட்டம் வாங்கினார். பூஸருக்குச் சேரவேண்டியது பூஸருக்குச் சேரவில்லை. மரபைக் காட்டி இதை மெழுகுவது, மரபுக்கும் நல்லதல்ல, கிங்குக்கும் நல்லதல்ல. ஆனால் ஒரு விஷயம் கண்ணுக்குப் படுகிறது. இறையியல் வகுப்பறைக்காகக் கடன் வாங்கி எழுதிய வாக்கியங்கள் செத்துக் கிடக்கின்றன. ஆராய்ச்சியாளர் தவிர யாரும் அவற்றைப் படிப்பதில்லை. மேடையில் கடன் வாங்கியவை உயிரோடிருக்கின்றன. முன்னதில் கடன் கொடுத்தவரை மறைத்தார்; பின்னதில் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருமே கடன் கொடுத்தவர்கள். தொனியும் தெரியும், வசனமும் தெரியும். அடுத்தது என்ன வரும் என்று தெரிந்தே அவர்கள் காத்திருந்தார்கள். எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் யோசிக்கவேண்டிய வித்தியாசம் இது.

மூன்றாவது குவியல் அரசுடையது. வாஷிங்டன் உரை நிகழ்ந்து இரண்டு நாட்களுக்குப் பிறகு, எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி வில்லியம் ஸல்லிவன் எழுதிய குறிப்பு, தேசத்தின் எதிர்காலத்துக்கு மிக அபாயகரமான நீக்ரோவாகக் கிங்கை அந்த உரையைக் கொண்டே அடையாளம் காட்டிற்று. ஒரே உரை, இரண்டு ஆவணம். 1963 அக்டோபர் 10 அன்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு அனுமதி கொடுத்தார். 1964 ஜனவரியில் வாஷிங்டனின் வில்லர்ட் ஹோட்டலில் தொடங்கி அவர் தங்கிய அறைகளில் ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டன. 1964 நவம்பரில், ஒலிநாடாவோடு ஒரு மொட்டைக் கடிதம் தயாரித்து அவருக்கு அனுப்பினார்கள். கறுப்பர் ஒருவர் எழுதியதுபோல் பாவனை. 34 நாள் கெடு. செய்யவேண்டியது ஒன்றுதான் என்ற மிரட்டல். தற்கொலை செய்துகொள் என்பதே அதன் பொருள் என்று கிங்கும் கூட இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பொட்டலத்தை 1965 ஜனவரியில் பிரித்தவர் கொரெட்டா.

1975-76-இல் செனட்டின் விசாரணைக் குழு இவற்றையெல்லாம் அம்பலப்படுத்திற்று. அந்தக் கடிதத்தின் முழு வாசகம் வெளிவர 2014 ஆயிற்று. வரலாற்றாசிரியர் பெவர்லி கேஜ் அதைத் தேசிய ஆவணக் காப்பகத்தில், எட்கர் ஹூவரின் ரகசியக் கோப்புகளில் கண்டெடுத்தார். கிங்கை அழிக்க எழுதிய காகிதத்தை எழுதியவர்களே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். கோப்பு என்ற சாதனத்தின் குணம் அது. கட்டி வைத்தவனையே ஒருநாள் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் குவியலை எரித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சங்கடமான ஒரு உண்மை உண்டு. கிங்கின் நெருங்கிய ஆலோசகர் ஸ்டான்லி லெவிஸனின் தொலைபேசியை 1962 முதல் ஒட்டுக்கேட்டு எழுதிவைத்த பதிவுகள் இல்லாவிட்டால், கிங்கின் கடைசி ஆண்டுகளின் சோர்வு, தயக்கம், தோழர்களோடு போட்ட வாக்குவாதம் ஆகியவை நமக்குத் தெரிந்திருக்காது. அவர் நாட்குறிப்பு எழுதி வாழ்ந்த மனிதரல்லர். நள்ளிரவில் தொலைபேசியில் பேசியவர். அந்தப் பேச்சுக்குச் சுருக்கெழுத்தராக அமைந்தது போலீஸ். வரலாற்றாசிரியர்கள் அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்படுத்தாமல் இருக்கவும் முடியாது.

அப்படிப் பயன்படுத்துவதில் உள்ள அபாயம் 2019-இல் தெரிந்தது. கிங்கின் வாழ்க்கை வரலாற்றுக்காக 1987-இல் புலிட்ஸர் பரிசு பெற்ற டேவிட் கேரோ, புதிதாக வெளியான எஃப்.பி.ஐ. சுருக்கக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு கிங் மீது மிகக் கடுமையான ஒரு குற்றச்சாட்டை எழுதினார். அதற்கு ஆதாரம், தட்டச்சுக் குறிப்பின் மேல் கையால் சேர்த்த ஒரு வரி. மூல ஒலிநாடாவை அவர் கேட்டிருக்க முடியாது. 1977 ஜனவரி 31 அன்று ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்த நாடாக்களையும் எழுத்துப் பெயர்ப்புகளையும் 50 ஆண்டுகளுக்கு, அதாவது 2027 ஜனவரி 31 வரை, முத்திரையிட்டு வைக்க ஆணையிட்டிருந்தார். ஒருவரை ஒழிக்கச் சம்பளம் வாங்கிய கை ஓரத்தில் எழுதிய வரியை எப்படிச் சான்றாகக் கொள்வது என்று மற்ற வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். 2025 ஜூலையில் கிங் கொலை தொடர்பான 230,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட கோப்புகளை அரசு வெளியிட்டபோது, அவருடைய பிள்ளைகள் அவற்றைப் பரிவோடும் நிதானத்தோடும் அணுகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

நான் இதைப் 'பரிவு' என்று மட்டும் வைக்கமாட்டேன். வாசிப்பு முறை என்று வைப்பேன். எஃப்.பி.ஐ. குறிப்பு முதன்மையாக எஃப்.பி.ஐ.யைப் பற்றிய ஆவணம். அதில் கிங்கும் இருக்கக்கூடும், வேறு சான்று துணை நின்றால். ஆய்வேடு விஷயத்தில் நாம் நம்பியதற்குக் காரணம், இரண்டு நூல்களையும் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது. முத்திரையிட்ட நாடாவின் சுருக்கத்தை அப்படிப் பார்க்க முடியாது. தலைவரைக் காப்பாற்றும் ஆசையும் அவரைக் கவிழ்க்கும் ஆசையும் இந்த வித்தியாசத்தை ஒருசேர மறந்துவிடுகின்றன. கிங் தெய்வமாக இருந்தாகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு அவர் காகிதங்களைக் கண்டு பயமில்லை. நாடாக்கள் திறக்கும் நாளில் தேவைப்படப்போவது இந்தப் பயமின்மைதான்.

கடைசியாக, 'கிங்கின் காகிதங்கள்' என்ற பெயரைப் பற்றி. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை நாம் ஒருவருடைய பிரதி என்கிறோம். அது செய்தித்தாளின் ஓரங்களில் தொடங்கியது. வழக்கறிஞர் க்ளாரன்ஸ் ஜோன்ஸ் துண்டுத் தாள்களை உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தார். வயட் டீ வாக்கர் அந்தக் கையெழுத்தைப் படித்து ஒழுங்குபடுத்தச் செயலாளர் வில்லி பேர்ல் மாக்கி தட்டச்சு செய்தார். மான்ட்கமரியில் மாட் பல்லூ, அட்லாண்டாவில் டோரா மக்டொனால்ட் என்று அவருடைய அன்றாடக் கடிதங்கள் எல்லாம் பெண்களின் விரல் வழியாகப் போனவை. பேருந்தைப் புறக்கணித்து 381 நாட்கள் நடந்தவர்கள் எழுதிய காகிதம் குறைவு. அவர்கள் நடந்ததனால்தான் மற்றதெல்லாம் எழுதப்பட்டது.

கிங்குக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. கொல்லப்படுவதற்கு முந்தைய இரவு, 1968 ஏப்ரல் 3 அன்று, மெம்ஃபிஸில் கையில் தாள் இல்லாமல் பேசினார். 1958-இல் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த தபால்களை நினைவுகூர்ந்தார். கத்தி மகாதமனியின் விளிம்பைத் தொட்டிருந்தது; ஒரு தும்மல் போட்டிருந்தாலும் உயிர் போயிருக்கும் என்று பத்திரிகைகளில் வந்திருந்தது. ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் அனுப்பிய தந்திகளில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது என்றார். நியூயார்க் கவர்னரின் கடிதமும் மறந்துவிட்டது என்றார். மறக்காதது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கடிதம். தான் வெள்ளைக்காரப் பெண் என்பதைச் சொல்லிவிட்டு, அவர் தும்மாமல் இருந்ததில் தனக்கு சந்தோஷம் என்று அவள் எழுதியிருந்தாள்.

ஏலக்கூடத்தில் ஜனாதிபதியின் தந்திக்குத்தான் விலை அதிகம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, தாள் எதுவும் இல்லாமல், அவர் மனத்திலிருந்து எடுத்துப் படித்தது மற்றதை.